பழைய ராக் ஆல்பம், புது மிக்ஸ்: பேஸ் கிட்டாரைக் காதால் பிடிப்பது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தனியார் பஸ்ஸில், அதுவும் கடைசி சீட்டில் போய் வந்தவர்களிடம் "பேஸ் கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். ரெட்டிச்சாவடி வருவதற்குள் முதுகெலும்பு தனியாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். பல வருடம் அந்த பஸ்ஸில் போய் வந்த நானும், பேஸ் என்றால் அந்த 'தம் தம்'தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் 'தம்'மில் பாதி, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம். மீதி, பெட்டியின் சொந்த உறுமல். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அதே நேரத்தில் அடியில் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டிருப்பார். அந்த மெட்டு பஸ்ஸில் நம் காதுக்கு வருவதே இல்லை.

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்ததும் பழைய ஆங்கில ராக் கேட்க ஆரம்பித்தான். ஒரு நாள், "மாமா, எல்லாரும் பேஸ் சூப்பர்னு சொல்றாங்க. எனக்கு எங்க இருக்குன்னே தெரியல" என்றான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இசை ஞானம் எதுவும் வேண்டாம். ஒரு பாட்டின் பேஸை மட்டும் தனியாக உங்கள் வாய் முணுமுணுக்க வேண்டும், அதுதான் இலக்கு. முணுமுணுக்க முடியாவிட்டால் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

படி 1: கருவியைச் சரிசெய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் இதைச் செய்யாதீர்கள். பேஸ் கிட்டாரில் வழக்கமாக நான்கு தந்திகள். அதில் தடிமனான தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். கட்டைவிரல் அகல ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. அப்படியும் ஏதோ கேட்கிறதே என்றால், அந்தச் சுரத்தோடு சேர்ந்து எழும் 82, 123 ஹெர்ட்ஸ் மேலொலிகளை வைத்து நம் மூளையே அடியை ஊகித்துக்கொள்கிறது. ஊகம் போதாது, நமக்கு அசல் வேண்டும்.

சாதாரண ஒயர் இயர்போன் போதும், ஆனால் காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் முதலில் தப்பி ஓடுவது பேஸ்தான். போனில் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், அட்டையிலேயே 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஹெட்போன் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தவன். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதில் ஒரே சுரம்தான் கேட்டது. பேஸ்காரர் எங்கே போனாலும் அது மட்டும் அசையாமல் 'ஊம்' என்றது.

வீட்டில் ஸ்பீக்கர் இருந்தால் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி எதிரொலித்துப் பெருகும். எங்கள் வீட்டில் பீரோ கைப்பிடி ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் 'கிர்ர்' என்று கூடச் சேர்ந்து பாடும். இப்போது அதற்கு ஒரு துணித்துண்டு சுற்றி வைத்திருக்கிறேன்.

படி 2: பேஸ் தனியாக இருக்கும் இடத்தில் அறிமுகமாகுங்கள்

கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதற்கு முன் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் (1973) 'மனி' என்ற பாட்டைப் போடுங்கள். சில்லறைச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் முதலில் வரும். அப்புறம் பேஸ் மெட்டைப் பிடிக்கும். வாசிப்பவர் ரோஜர் வாட்டர்ஸ்.

நம் ஊர்க் காதுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. இந்தப் பாட்டு ஏழு அடிக்கணக்கில் ஓடுகிறது. "தகிட தகதிமி, தகிட தகதிமி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கேளுங்கள். மெட்டு ஒவ்வொரு முறையும் அந்த ஏழில் சரியாக வந்து உட்காரும். அக்கா மகன் சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் பழகியவன். மூன்றாவது சுற்றிலேயே தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டான். கிட்டார் சோலோ வரும்போது கணக்கு நாலுக்கு மாறும், அங்கே தடுமாறினால் கவலைப்படாதீர்கள்.

சில்லறைச் சத்தத்திலிருந்து குரல் ஆரம்பிக்கும் வரை பத்து முறை கேளுங்கள். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு வாயால் போட்டுப் பாருங்கள். 'டும் டும்' என்று சொன்னால் மதிப்பெண் இல்லை. மெட்டு ஏறி இறங்க வேண்டும்.

படி 3: ரீமிக்ஸ் வேறு, ரீமாஸ்டர் வேறு

நம் சினிமாவில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குப் புது டிரம்ஸ் போட்டு, நடுவில் ராப் சேர்ப்பது. இங்கே நாம் பேசும் ரீமிக்ஸில் புதிதாக யாரும் எதுவும் வாசிப்பதில்லை.

கல்யாண வீட்டு குரூப் போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாமாவின் தலைப்பாகைக்குப் பின்னால் ஒரு சித்தி மறைந்திருக்கிறார். அந்தப் போட்டோவைத் துடைத்து, வெளிச்சம் கூட்டி, புது பிரேம் போடுவது ரீமாஸ்டர். படம் பளிச்சென்று ஆகும், சித்தி மறைந்தே இருப்பார். அன்று வந்த அதே ஆட்களைக் கூப்பிட்டு, "மாமா கொஞ்சம் தள்ளுங்க, சித்தி முன்னாடி வாங்க" என்று மாற்றி நிற்கவைத்து எடுத்தால் அது ரீமிக்ஸ். தனித்தனியாகப் பதிவான டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் டேப்புகளுக்கே திரும்பிப் போய், யார் எவ்வளவு சத்தம், யார் எந்தப் பக்கம் என்று புதிதாக முடிவு செய்வார்கள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் காசை விட்டவர்கள் நிறைய. மெட்டாலிகா குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) அதற்கு நல்ல சாட்சி. பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் பஸ் விபத்தில் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்தார். அந்தக் குழுவில் அவர் வாசித்த முதல் முழு ஆல்பம் இது. மிக்ஸில் அவருடைய பேஸை அநியாயத்துக்குக் குறைத்துவிட்டார்கள். 2018-ல் இந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது, இனியாவது கேட்கும் என்று பலர் காத்திருந்தார்கள். வந்தது ரீமாஸ்டர். பேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள், சித்தி எங்கே என்று நீங்களும் தேடுவீர்கள்.

ஆகவே ஆல்பத்தின் பெயரோடு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ரீமாஸ்டர்டு 2009' என்றிருந்தால் துடைத்த போட்டோ. '2022 மிக்ஸ்' என்றிருந்தால் மாற்றி எடுத்த போட்டோ.

படி 4: ஒரே பாட்டை இரண்டு மிக்ஸில் கேளுங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள்.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) ஆல்பத்தில் முதல் பாட்டு 'டாக்ஸ்மேன்'. அந்தக் காலத்தில் அவர்களிடம் இருந்தது நான்கு தடங்கள் கொண்ட டேப். நாலு பேர் வாசிப்பதையும் பாடுவதையும் அந்த நான்குக்குள் அடைக்க வேண்டும். இந்தப் பாட்டில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே தடத்தில் ஒட்டிப் பதிவாகிவிட்டன. கலந்த சாயத்தைப் பிரிக்க முடியாதது போல, அதைப் பிரிக்க வழி இல்லாமல் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தது. சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, ஒவ்வொரு கருவியின் ஒலியையும் கணினிக்குப் பழக்கி, கலந்த ஒலியிலிருந்து தனியே உரித்தெடுக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கியது. அதை வைத்துத்தான் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெலும் 2022 மிக்ஸைச் செய்தார்கள். ஜைல்ஸ், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன்.

முதலில் 2009 ரீமாஸ்டரைப் போடுங்கள். ஒரு பக்க இயர்போனைக் கழற்றுங்கள், பிறகு அதை மாட்டிவிட்டு மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட அந்த மூன்று பேரும் ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டிருப்பது தெரியும். இப்போது 2022 மிக்ஸ். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குரலை அளவாக வைத்து வால்யூமைச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். இந்த ஏமாற்றில் விழாதவர் யாருமில்லை, நான் பல தடவை விழுந்திருக்கிறேன்.

புது மிக்ஸில் பேஸ் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, ஒரே தாவலில் மேலே போய், திரும்ப இறங்கிவரும். வாசிப்பவர் பால் மெக்கார்ட்னி. டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தபோது இந்தத் தாவல் தாளத்தின் பகுதிபோல இருந்தது, இப்போது தனி மெட்டாகக் கேட்கும். முதல் சுற்றில் பேஸை மட்டும் பின்தொடருங்கள். குரல் உங்களை இழுக்கும், போகாதீர்கள். தவறிவிட்டால் பாட்டின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். அக்கா மகனுக்கு ஏழாவது சுற்றில் பிடிபட்டது. "மாமா, இவர் தனியா ஒரு பாட்டு பாடிட்டு இருக்கார்" என்றான்.

படி 5: விரலா, பிளக்ட்ரமா?

இது விளையாட்டு மாதிரி. பிளக்ட்ரம் என்பது தந்தியை மீட்டக் கையில் பிடிக்கும் சின்னத் தகடு. லெட் ஸெப்பெலின் 'ராம்பிள் ஆன்' (1969) பாட்டில் ஜான் பால் ஜோன்ஸ் விரலால் வாசிக்கிறார். சுரம் உருண்டையாக, மெத்தென்று தொடங்கும். 2014-ல் வந்தது ரீமாஸ்டர்தான், ஆனால் இதில் பேஸ் பழைய மிக்ஸிலேயே தெளிவாக இருப்பதால் குறையில்லை. அடுத்து யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' (1971). கிறிஸ் ஸ்குவையர் ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பேஸ் கிட்டாரைப் பிளக்ட்ரத்தால் வாசிக்கிறார். ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் 'கிளக்' என்று ஒரு உலோகக் கடி இருக்கும். தவிலில் குச்சிப் பக்கத்தையும் விரல் பக்கத்தையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. இந்தப் பாட்டு உள்ள 'ஃப்ராஜைல்' ஆல்பத்தை ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸில் கேளுங்கள். பழைய ராக் ஆல்பங்களை மறுமிக்ஸ் செய்பவர்களில் என் ஓட்டு அவருக்குத்தான். பேஸைத் தூக்கிக் காட்டமாட்டார், சுற்றியிருப்பவர்களைக் கொஞ்சம் விலக்கிவைப்பார்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால், ஜூன் 21-ஐ ஒட்டி புதுச்சேரியில் நடக்கும் பிரெஞ்சு இசை நாளுக்குப் போங்கள். பேஸ்காரரின் இடதுகை தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். கை நகர்வதையும் சுரம் மாறுவதையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட்டால் இயர்போனிலும் அந்தக் கை தெரியும்.

படி 6: பழைய மிக்ஸுக்கே திரும்புங்கள்

பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். புது மிக்ஸில் மெட்டு மனப்பாடமான பிறகு பழையதைப் போடுங்கள். கேட்கவே இல்லை என்று நினைத்தது அங்கேயும் இருக்கும்.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' (1967) ஆல்பத்தில் இரண்டாவதாக வரும், ரிங்கோ ஸ்டார் பாடும் பாட்டை இப்படிக் கேளுங்கள். முதலில் 2017 மிக்ஸ், பிறகு பழைய மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மிக்ஸ். அந்தக் காலகட்டத்தில் மெக்கார்ட்னி பல பாட்டுகளில் மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகு பேஸைக் கடைசியாகப் பதிவு செய்தார். பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்தபின் வாசிப்பதால், குரல் மூச்சு விடும் இடமாகப் பார்த்து நுழைகிறார். மோனோவில் எல்லோரும் ஒரே புள்ளியில் நின்றாலும் அந்த நுழைவுகள் கேட்கும். எனக்கு இன்றைக்கும் மோனோதான் பிடிக்கும். சில புது மிக்ஸ்களில் இன்றைய ஹெட்போன்காரர்களுக்காகப் பேஸைக் கூடுதலாகவே ஊட்டிவிடுகிறார்கள்.

பேஸ் மறைந்திருந்து என்ன செய்கிறது என்பது எனக்கு ஒரு தெருத் திருவிழாவில் புரிந்தது. ஆர்கெஸ்ட்ரா நடந்துகொண்டிருந்தது. நடுப்பாட்டில் பேஸ் வாசித்தவரின் ஒயர் கழன்றுவிட்டது. பாடகர் பாடுகிறார், கீபோர்டு ஓடுகிறது, டிரம்ஸ் அடிக்கிறது. ஆனால் பாட்டு திடீரென்று தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் தொங்கியது. சுண்டல் தின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார். ஒயரைச் செருகியதும் திரும்பச் சுண்டலுக்குப் போய்விட்டார்.

போன மாதம் அக்கா மகனோடு புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனேன். இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வழக்கம்போல முதுகு அதிர்ந்தது. முள்ளோடை தாண்டியதும் அவன் எழுந்து கண்டக்டரிடம் போனான்.

"அண்ணே, கொஞ்சம் பேஸைக் குறைங்கண்ணே. பேஸ் கேக்கல."

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.