மருத்துவமனைக் கருவிகளின் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயோமெடிக்கல் பொறியாளர்களாகப் புதிதாகச் சேரும் இளைஞர்களோடு வார்டுகளைச் சுற்றி வரும்போது, எங்கள் தலைமுறையினர் பணிக்கு வந்த காலத்தில் செய்த அதே தவறுகள் மீண்டும் நடப்பதைப் பார்க்கிறேன். தூசி வடிகட்டியைக் கழுவ வேண்டும், கேபிளை முறுக்கிக் கட்டக்கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கல்லூரியில் பேசப்படாத, ஆனால் நோயாளியின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பச்சை விளக்கை நம்பி பேட்டரியைச் சோதிக்காமல் விடுவது

மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர், மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப், மானிட்டர் ஆகியவை மின்சாரம் நின்றாலும் ஓடியாக வேண்டும். அவற்றின் முகப்பில் சார்ஜ் விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்ததும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து, படிவத்தில் 'சரி' என்று குறித்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. பல கருவிகளில் அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம் வருகிறது, சார்ஜர் வேலை செய்கிறது. பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அது சொல்வதில்லை.

மூடிய வகை ஈய அமில பேட்டரியில், நாளடைவில் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து உள்மின்தடை ஏறிவிடும். அப்படிப்பட்ட 12 வோல்ட் பேட்டரியைச் சுமை இல்லாமல் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட்கூடக் காட்டலாம். ஆனால் வென்டிலேட்டரின் மோட்டார் மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து, சில நிமிடங்களில் கருவி நின்றுவிடும். புதிய கருவிகளில் வரும் லித்தியம் அயனி பேட்டரியின் கொள்ளளவும் காலப்போக்கில் குறையவே செய்கிறது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லப்பட்ட நோயாளியின் வென்டிலேட்டர், லிஃப்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் அலாரம் அடித்து நின்றுபோனது. உடன் சென்ற செவிலியர் படுக்கையின் தலைமாட்டில் ஆம்பு பையை எடுத்து வைத்திருந்ததால், ஸ்கேன் அறை வரைக்கும் கையாலேயே மூச்சுக் கொடுத்து அந்த உயிரைக் காப்பாற்றினார். பிறகு கருவியைத் திறந்தபோது, பேட்டரியின் பக்கங்கள் உப்பி, கூட்டோடு இறுகி, நெம்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆனால் அந்தக் கருவியின் பராமரிப்புப் படிவங்களில் பேட்டரிக்கு நேரே ஒவ்வொரு முறையும் 'சரி' என்றே குறிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்கு நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பலவற்றில், சில வேளைகளில் உதிரிபாகங்களையும் உள்ளடக்கிய சி.எம்.சி. ஒப்பந்தங்களில்கூட, பேட்டரி நுகர்பொருள் என்று விலக்கப்பட்டிருக்கும். நிறுவனப் பொறியாளர் தம் அறிக்கையில் 'பேட்டரி மாற்ற வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிச் சென்றுவிடுவார். கொள்முதல் கோரிக்கை எழுத வேண்டியது யார் என்ற கேள்விக்கு விடையில்லாமல் அந்த அறிக்கை கோப்பிலேயே கிடக்கும். பல லட்சம் ரூபாய்க் கருவியைச் சில ஆயிரம் ரூபாய் பேட்டரி முடக்கிப்போடும். ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலை முதல் வாரத்திலேயே படித்து, அதிலுள்ள பொருள்களுக்குக் கோரிக்கை எழுதும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சோதனை கடினமானதல்ல. நோயாளி இணைக்கப்படாத நேரத்தில், முழுவதும் சார்ஜ் ஏறிய வென்டிலேட்டரில் நோயாளியின் நுரையீரலுக்குப் பதிலாகப் பொருத்தும் சோதனை நுரையீரலை மாட்டி, வழக்கமான அமைப்பில் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி அலாரம் எப்போது வருகிறது என்று குறித்து, கையேட்டில் கொடுக்கப்பட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள். டிஃபிப்ரிலேட்டரை பேட்டரியிலேயே உச்ச ஆற்றலுக்குச் சார்ஜ் செய்து, வெளிவரும் ஆற்றலை அளக்கும் அனலைசரின் 50 ஓம் சுமையில் செலுத்திப் பாருங்கள். நோயாளியின் மார்பில் வைக்கும் பேடில்களைக் காற்றில் பிடித்துக்கொண்டு ஒருபோதும் செலுத்தாதீர்கள். இரண்டு பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும். பொருத்திய தேதியை பேட்டரியின் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். மாற்றுக் கருவி என்று ஸ்டோர் அறையில் பிளக் செருகாமல் மாதக்கணக்கில் வைக்கப்பட்டவற்றின் பேட்டரிதான் முதலில் சாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைப்பது

அல்ட்ராசவுண்ட் புரோபின் முகத்திலுள்ள ரப்பர் போன்ற லென்ஸை ஸ்பிரிட் நாளடைவில் உலர்த்தி வெடிக்கச் செய்யும். வெடிப்பு வழியாக ஜெல் உள்ளே இறங்கினால் புரோபையே மாற்ற நேரும். பச்சிளங்குழந்தைகளின் இன்குபேட்டர் மூடி அக்ரிலிக்கால் ஆனது; அதிலும் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும். எந்தக் கிருமிநாசினி பொருந்தும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்து, வார்டில் துடைப்பவரிடம் நேரில் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய் தடவுவது

ஒரு துளிகூடக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் தீப்பற்றும்.

ஆக்சிஜன் செல்லின் அலாரத்தை அணைத்துவிடுவது

நோயாளிக்குப் போகும் ஆக்சிஜனின் அளவை அளக்க வென்டிலேட்டர்களிலுள்ள கால்வானிக் வகை ஆக்சிஜன் செல் என்ற உணரி, கருவி ஓடாவிட்டாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். அது தீர்ந்து அலாரம் நிற்காமல் அடிக்கும்போது, புதிய செல் வரும்வரை என்று சொல்லி மெனுவில் ஆக்சிஜன் கண்காணிப்பையே அணைத்துவிடுகிறார்கள். அதன்பின் நோயாளிக்கு எத்தனை சதவீதம் ஆக்சிஜன் போகிறது என்பதைக் கருவி அறியாது. மாற்றுச் செல்லைக் கையிருப்பில் வையுங்கள், ஆனால் அதன் உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

எர்த் முள்ளை வெட்டுவது

வெட்டாதீர்கள். வெட்டப்பட்ட பிளக்கைக் கண்டால், அதை மாற்றும்வரை கருவியை வார்டில் வைக்காதீர்கள்.

பழுது நீக்கியதும் நேராக வார்டுக்கு அனுப்புவது

கருவி ஓடுகிறது என்பதும் பாதுகாப்பாக ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல. மூடியைத் திறந்து மாட்டிய எந்தக் கருவிக்கும் எர்த் தொடர்ச்சியையும் (எர்த் இணைப்பு அறாமல் இருக்கிறதா என்பதையும்) கசிவு மின்னோட்டத்தையும் அளந்த பிறகே 'சோதிக்கப்பட்டது' என்ற ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மருத்துவ மின்கருவிகளைப் பழுது நீக்கிய பின் சோதிப்பதற்கான ஐ.இ.சி. 62353 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பதும் இதைத்தான்.

செவிலியரிடம் கேட்காமல் சோதனையை முடிப்பது

எந்த பம்பின் கதவை இரண்டு முறை அழுத்தினால்தான் மூடுகிறது, எந்த மானிட்டரின் கேபிளைச் சாய்த்துப் பிடித்தால்தான் அலை வருகிறது என்பது இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரியும். இத்தகைய பழுதுகள் புகாராக எழுதப்படுவதில்லை. பகலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் அகப்படுவதும் இல்லை. ஆகவே படிவத்தை நிரப்பத் தொடங்கும் முன், பணி மாறும் நேரத்தில் போய் அவரிடம் கேளுங்கள்.