சிறிய எலக்ட்ரிக் சாப்பர்: வெங்காயம் கூழாகாமல் நறுக்குவது எப்படி?

சாப்பர் வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை, "நறுக்கச் சொன்னால் அரைத்துவிடுகிறது" என்பதுதான். பெரும்பாலும் தவறு கருவியில் இல்லை. மிக்ஸி ஓட்டிப் பழகிய கை சாப்பரையும் அப்படியே ஓட்டுகிறது. மிக்ஸியில் சுவிட்சைத் திருப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். சாப்பரில் விரல் பட்டனிலேயே இருக்க வேண்டும்: ஒரு விநாடி அழுத்தி, ஒரு விநாடி விட வேண்டும். விடும் அந்த நேரத்தில்தான் சுவரோரம் ஏறிய துண்டுகள் மறுபடி பிளேடின் மேல் விழுகின்றன. விடாமல் அழுத்தினால் அடியில் கிடப்பது கூழாகும், மேலே கிடப்பது முழுசாகவே இருக்கும்.

எதை வாங்குவது?

கடையில் இரண்டு வகை கிடைக்கின்றன. யூஎஸ்பி சார்ஜில் ஓடுவது ஒன்று. கிண்ணம் 100 முதல் 300 மி.லி. வரை, மோட்டார் 30 முதல் 45 வாட் அளவில் இருக்கும். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி ஆகியவற்றுக்கு இது போதும். கேரட்டையும் தேங்காயையும் போட்டால் திணறி நின்றுவிடும். மற்றது வயர் உள்ளது: 250 முதல் 400 வாட், கிண்ணம் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நாலு பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு இதுதான் சரி. ஒன்றிரண்டு வெங்காயம் மட்டும் என்றால் கத்தியோ அரிவாள்மனையோ போதும். சாப்பரைக் கழுவும் நேரத்தில் நறுக்கியே முடித்துவிடலாம்.

பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவு விளிம்பு வரைக்குமான கணக்கு. நறுக்குவதற்குப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப முடியும். 600 மி.லி. கிண்ணத்தில் ஒரு தடவைக்கு 200 கிராம் வெங்காயம், அதாவது நடுத்தர அளவில் இரண்டு. மிகக் குறைவாகப் போட்டாலும் வேலை நடக்காது. நாலு பல் பூண்டைப் பெரிய கிண்ணத்தில் போட்டால் அவை பிளேடில் படாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வாட் எண்ணைவிட பிளேடைப் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இருந்தால் நறுக்கு சீராக வரும். கீழ் பிளேடு கிண்ணத்தின் அடியை ஒட்டிச் சுற்ற வேண்டும். இடைவெளி அதிகமானால் துண்டுகள் அதற்கடியில் வெட்டுப்படாமலே கிடக்கும். கிண்ணம் ஸ்டீலாகவோ கண்ணாடியாகவோ இருப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் கேரட்டும் மஞ்சளும் கறை பிடிக்கும் (எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் பெருமளவு போகும்), பூண்டு வாசனையும் லேசில் போகாது. ஸ்டீலில் உள்ளே நடப்பது தெரியாதே என்ற குறை உண்டு. பிளேடும் கப்ளரும் (மோட்டாரின் சுழற்சியைப் பிளேடுக்குக் கடத்தும் இணைப்புத் துண்டு) தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைக்காத சாப்பர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பயன்படுத்துவது

முதலில் பிளேடை நடு ஊசியில் முழுவதும் இறக்கி வையுங்கள், அப்புறம்தான் காய். காயைப் போட்டுவிட்டு மேலிருந்து பிளேடைச் செருகினால் அது சரியாக உட்காராது.

வெங்காயத்தை எட்டுத் துண்டாக்கி, இதழ்களைக் கொஞ்சம் பிரித்துப் போடுங்கள். சட்னிக்கும் குருமாவுக்கும் ஆறேழு அழுத்தம், தயிர்ப் பச்சடிக்கு நாலு. நடுவில் ஒருமுறை திறந்து சுவரில் ஒட்டியதை வழித்துவிடுங்கள். அதிகம் ஓட்டிய வெங்காயம் நீர் விடும், பச்சையாகச் சாப்பிட்டால் கசக்கும். வாணலியிலும் அந்த நீர் வற்றும்வரை வதங்காமல் வெந்துகொண்டிருக்கும்.

கேரட்டும் பீட்ரூட்டும் 2 செ.மீ. துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொத்தமல்லி, புதினாவில் ஈரமே கூடாது. துணியில் ஒற்றி எடுக்காவிட்டால் சுவரில் அப்பிக்கொண்டு கூழாகிவிடும். தேங்காயை ஓடு நீக்கி, பழுப்புத் தோலைச் சீவி, 1 செ.மீ. துண்டுகளாகப் போட்டால் பத்துப் பன்னிரண்டு அழுத்தத்தில் பொரியலுக்கான பூ கிடைக்கும். பீன்ஸ், அவரைக்குச் சாப்பர் வேண்டாம். ஒன்று நீளமும் ஒன்று பொடியுமாகப் பிய்ந்து வரும்.

சாப்பரின் உண்மையான பலன் மசால் வடையில் தெரியும். மிக்ஸியில் ஒரு சுற்று கூடினாலே மாவாகிவிடும் கடலைப் பருப்பு, இதில் கொரகொரப்பாகவே நிற்கும். ஒரு கப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் பத்து நிமிடம் நன்றாக வடியவிட்டு, இரண்டு தடவையாக, தண்ணீர் விடாமல் போடுங்கள். ஒரு பிடி பருப்பை முழுசாக எடுத்துவைத்துக் கடைசியில் கலந்துகொள்ளலாம். கோலா உருண்டைக்கு எலும்பில்லாத கறியை 2 செ.மீ. துண்டாக்கி, ஃபிரீசரில் 20 நிமிடம் வைத்து, லேசாக விறைத்ததும் போட்டால் வெட்டு சுத்தமாக விழும். ஜவ்வையும் நரம்பையும் முன்பே நீக்கிவிட வேண்டும். அவை பிளேடின் தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடும்.

விரலி மஞ்சள், சுக்கு, ஐஸ் கட்டி, கல்லாக உறைந்த கறி, சூடான குழம்பு, இட்லி மாவு: எதுவும் வேண்டாம். மிளகாய் ஓட்டினால் மூடியை உடனே திறக்காதீர்கள், ஒரு நிமிடம் நெடி அடங்கட்டும்.

பழுதும் பராமரிப்பும்

'உம்ம்' என்ற சத்தம் மட்டும் வந்து பிளேடு சுற்றாவிட்டால் உடனே கையை எடுங்கள். ஏதோ துண்டு இடுக்கில் மாட்டியிருக்கிறது. சுற்ற முடியாத மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுத்துச் சில விநாடிகளில் சூடேறும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (coil) எரிவது இப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துண்டை எடுத்துப் பாதியைக் குறைத்து ஓட்டுங்கள். மோட்டார் சுற்றி, பிளேடு மட்டும் நின்றால் கப்ளர் தேய்ந்துவிட்டது. எதுவுமே ஓடாவிட்டால் முதலில் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சூடேறித் தானாக நின்றிருந்தால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அடியில் உள்ள லேபிளில் கே.பி. (KB) என்ற எழுத்துகளும் நிமிடக் கணக்கும் இருந்தால், தொடர்ந்து ஓட்டக்கூடிய உச்ச நேரம் அது. யூஎஸ்பி சாப்பர் சார்ஜ் ஏறவில்லையா? இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளை மாற்றி, ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக (டைப்-ஏ) உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள். மலிவு விலைக் கருவிகள் பல அதில்தான் ஏறும்.

கழுவ, கிண்ணத்தில் பாதி வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் விட்டு ஐந்தாறு முறை அழுத்தினால் முக்கால் வேலை முடிந்துவிடும். பிளேடை நுரைக்குள் மூழ்கவிட்டுக் கையால் துழாவாதீர்கள். மேல் பிளாஸ்டிக்கைப் பிடித்து, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூடியின் ரப்பர் கேஸ்கட்டை வாரம் ஒருமுறையாவது கழற்றுங்கள், வாடை அங்கிருந்துதான் வருகிறது. பிளேடுத் தண்டின் குழிக்குள் நிற்கும் நீரைக் கவிழ்த்து வடித்துக் காயவிடுங்கள். மோட்டார் உள்ள பகுதிக்கு ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே. குழாயடிக்கு அது போகவே கூடாது.