சித்தி மகள் போன வழி இப்போது இல்லை: வேலை விசாவுக்கு முன் பார்க்க வேண்டியவை

மார்த்தாண்டம் மேம்பாலத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சர்டிபிகேட்டுகளை ஜவுளிக்கடைக் கவரில் போட்டுக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர், "அண்ணே, எங்க சித்தி மக 2022-ல கேர் விசாவுல லண்டன் போனா, அதே மாதிரி போட்டுத் தாங்க" என்பார்கள். கேர் விசா என்றால் முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான பிரிட்டன் விசா. அந்தக் கதவை 2025 ஜூலை 22-ல் அடைத்துவிட்டார்கள் மக்களே. கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதில்லை. அதே நாளில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு (திறன் உள்ள வேலைகளுக்கான பிரிட்டன் விசா) பொதுவான குறைந்தபட்சச் சம்பளமும் வருடத்துக்கு 41,700 பவுண்டு ஆனது. நர்ஸ் வேலைக்கு வழி இன்னும் இருக்கிறது, அதற்குச் சம்பளக் கணக்கு வேறு.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் குதிக்க வேண்டாம். வெளிநாட்டு ஆளை எடுக்க ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் போட்டிருக்கிறது. அதில் கம்பெனி பெயரைத் தேடுங்கள். தேடுவதற்குக் காசு கிடையாது.

அமெரிக்கா என்றால் எச்1பி, அதாவது டிகிரி தேவைப்படும் வேலைகளுக்கான விசா. வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக மனுப் போட்டால் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டார்கள். கட்ட வேண்டியது கம்பெனி, நீங்கள் அல்ல. 'முதலில் நீ போடு, அப்புறம் சம்பளத்தில் கழிக்கலாம்' என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த விசாவுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலிலும் இப்போது சம்பள லெவல் கூடக்கூட வாய்ப்பு கூடும். புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என்னைக் கேட்டால் இன்ஜினியரிங் பிள்ளைகள் முதலில் ஜெர்மனியைப் பார்க்கலாம். 2024 ஜூனில் வந்த சான்சன்கார்ட்டே என்ற வேலை தேடும் விசா, கையில் வேலை இல்லாமலே போய் ஒரு வருடம் வரை தேட விடுகிறது. புள்ளி முறையில் போகிறவர்களுக்கு மொழி, அனுபவம், வயது எல்லாம் சேர்த்து 6 புள்ளி வேண்டும். அவர்களுக்கு ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) அல்லது ஆங்கிலம் பி2 (நன்றாகப் பேசி எழுதும் நிலை) கட்டாயம். செலவுக்கு மாதம் 1,091 யூரோ என்று 2025-ல் கணக்கு வைத்தார்கள். அதை முன்கூட்டியே காட்ட வேண்டும், பெரும்பாலும் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்க முடிகிற கணக்கில். பணம் புரட்டும் முன், வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிட்டு ஜெர்மனி வைத்திருக்கும் அனாபின் தளத்தில் உங்கள் காலேஜும் டிகிரியும் இருக்கிறதா பாருங்கள்.

ஏஜென்ட் என்றால் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நம் ஊரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், நாமும் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறோம்.

எல்லாவற்றையும் விட இங்கே அதிகம் இடிப்பது பெயர். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் 'எஸ்' என்று வெறும் இனிஷியல். டிகிரியில் அப்பா பெயர் முழுசாக. பாஸ்போர்ட்டில் அதுவே சர்நேம் கட்டத்தில். போன வருடம் தக்கலைப் பையன் ஒருவனுக்கு அப்பா பெயரில் ஒரு 'எச்' கூடிப்போய், டிகிரி சரிபார்ப்பு நாலு மாதம் இழுத்தது. திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று குழித்துறை கோர்ட் பக்கம் நோட்டரியிடம் அஃபிடவிட் எடுங்கள்.

கடைசியாக, சம்பந்தப்பட்ட அரசுத் தளத்தின் பக்கத்தை விண்ணப்பிக்கும் அன்றே பிரிண்ட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி ஃபைலின் மேலே குத்திக்கொண்டு வாருங்கள். போட்டோ வேண்டாம், இங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.