நகராட்சி கடன் வாங்கலாமா, கூடாதா? பேச்சில் நாம் சறுக்கும் இடங்கள்

தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். 'கடனை வாங்கியா சாக்கடை கட்டணும், வட்டியை யார் கட்டுறது' என்பது ஒன்று. 'கவர்மென்ட் குடுக்குது, வாங்கிப் போட்டா போச்சு' என்பது இன்னொன்று. ரெண்டுமே தப்பு என்பது என் கட்சி.

முதல் கட்சிக்காரரிடம் நான் கேட்பது, உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்றுதான். ஒகேனக்கல் தண்ணீர் என்றால் அது கடனில் வந்த தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 1,928 கோடி ரூபாய்க்கு மேல் போட்ட கூட்டுக்குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகளையும், முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் இந்தப் பக்கத்து ஊர்களில் பார்க்காதவர் குறைவு. கையில் காசு சேரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் அதைக் குடித்திருக்கும்? (அது மாநில அரசு பெயரில் வந்த கடன், நகராட்சி வாங்கியதில்லை. ஆனால் 'கடன் என்றாலே கெடுதல்' என்பவருக்கு இந்தப் பதில் போதும்.)

அடுத்தது, எதற்குக் கடன் என்று பார்க்காமல் தொகையை மட்டும் பார்ப்பது. முப்பது வருஷம் மண்ணுக்குள் கிடக்கிற பைப்புக்குப் பதினைந்து வருஷக் கடன் என்றால் சரி, பிறகு குடிவருகிறவனும் பலனைப் பார்த்துக்கொண்டே தவணையைக் கட்டுவான். நாலு மழைக்குத் தாங்காத தார் ரோட்டுக்கு அதே பதினைந்து வருஷம் என்றால், ரோடு போன பிறகும் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் போட்ட ரோட்டின் தார் வாசம் போவதற்குள் பைப் பதிக்கத் தோண்டினார்கள், மூடிய இடம் இன்றைக்கும் வண்டி குதிக்கிற மேடு. வரிசை மாறினால் சொந்தக் காசே வீண்தான். கடன் காசென்றால் கூடவே வட்டியும்.

எனக்கு இருப்பதிலேயே பெரிய தவறாகப் படுவது வேறு, கட்டுகிற செலவுக்குக் கணக்குப் போட்டு ஓட்டுகிற செலவை விட்டுவிடுவது. நம் ஊரில் இதைப் புரியவைக்க போர்வெல் போதும். ஆயிரம் அடி இறக்கக் கடன் வாங்கியவர் மோட்டாருக்கும் கேபிளுக்கும் கணக்கே போடவில்லை என்றால், தண்ணீர் இருந்தும் காடு காய்கிறது, வட்டி மட்டும் விளைகிறது. பாதாள சாக்கடையும் அதே கதைதான். மெயின் குழாய் தெருவில் ஓடும், ஆனால் வீட்டு இணைப்புக்கு டெபாசிட் கட்ட ஆள் வராது, இணைப்பு இல்லாத வீட்டில் மாதக் கட்டணம் வாங்க முடியாது, பம்ப் ஹவுஸ் கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், 2000ஐ ஒட்டி, இதைத் தலைகீழாகச் செய்தார்கள். மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே வீடுவீடாகப் பேசி இணைப்புக்கு 5,000 ரூபாய் வாங்கினார்கள், அப்புறம்தான் மிச்சத்துக்குக் கடன். ஜனம் கட்டுமா கட்டாதா என்ற சந்தேகம் கடன் வாங்கும் முன்பே தீர்ந்துவிட்டது.

சரி, தவணை எவ்வளவு வரும்? இதையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 10 கோடி, 8 சதவீத வட்டி, 15 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஏறக்குறைய 9.56 லட்சம். ஊரில் 20 ஆயிரம் வீடு என்றால் வீட்டுக்கு 48 ரூபாய்தான், ரெண்டு மூணு டீ காசு. ஆனால் பாதி வீடுதான் கட்டுகிறது என்றால் கட்டுகிறவன் தலையில் 96. மொத்தமாகத் திருப்பித் தருவது 17 கோடியைத் தாண்டும். பத்து கோடிக்குப் பதினேழா என்று கோபப்படுவதும், 48 ரூபாய்தானே என்று தலையாட்டுவதும் அரைக் கணக்குதான், வசூல் எவ்வளவு என்று தெரியாதவரை.

'கட்டலேன்னா தள்ளுபடி பண்ணிடுவாங்க' என்பதும் ஒரு நம்பிக்கை. பயிர்க்கடனைப் பார்த்துப் பழகிய வாய் அது. உள்ளாட்சிக் கடனுக்கு, மாநிலத்திடமிருந்து வரவேண்டிய நிதிப் பங்கிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே எழுதி வாங்குவதுண்டு. அப்படிப் பிடித்தால் தெருவிளக்கு பல்ப் மாற்றக்கூடக் காசு இருக்காது.

அவசரமும் ஆபத்துதான். 2017இல் புனே மாநகராட்சி குடிநீர்த் திட்டத்துக்காகக் கடன் பத்திரம் (வட்டி தருகிறோம் என்று சந்தையில் விற்றுக் காசு திரட்டுகிற பாண்ட்) வெளியிட்டு 200 கோடி திரட்டியது, வட்டி 7.59 சதவீதம். டெண்டர் இழுத்தடிக்க, பணம் கொஞ்ச காலம் வங்கி டெபாசிட்டில் தூங்கியது. வட்டி தூங்குமா?

சென்னை 2025இல் 200 கோடிக்குப் பத்திரம் போட்டதே என்று நம் ஊரையும் அந்த வழிக்கு இழுப்பவர்களுக்கு: சின்ன ஊர் தனியாகப் போய் நின்றால் சந்தையில் யாரும் சீண்டமாட்டார்கள். 2002-03இல் தமிழ்நாட்டில் 13 உள்ளாட்சிகளை ஒன்றாகக் கட்டி சுமார் 30 கோடிக்குப் பத்திரம் போட்டார்கள், அந்த மாதிரி கூட்டாகப் போகலாம், இல்லாவிட்டால் உள்ளாட்சிகளுக்குக் கடன் தருகிற, 1990இல் தொடங்கிய டுஃபிட்கோ போன்ற அரசு நிறுவனங்களிடம் போகலாம். எப்படிப் போனாலும் அரசு அனுமதி வேண்டும், கவுன்சிலர்கள் கை தூக்கினால் மட்டும் ஆகாது.

அடுத்த முறை உங்கள் வார்டில் கடன் தீர்மானம் வருகிறது என்று கேள்விப்பட்டால், சண்டைக்கு முன்னால் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடைசி மூன்று வருஷத்துச் சொத்து வரி, தண்ணீர் வரி இரண்டுக்கும் கேட்பு (அதாவது வரவேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்தத் தாளோடு டீக்கடைக்கு வாருங்கள், பேசுவோம்.