ஃபாஸ்டிஃபையில் ஏபிஐ சர்வர்: எந்தப் பிளக்இனை எங்கே போடுவது

சின்ன ஏபிஐ (பிற நிரல்கள் தரவு கேட்கும் முகவரிகள்) ஒன்றுக்கு, நோட்.ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கான ஃபாஸ்டிஃபை தாராளமாகப் போதும். 5-ஆம் பதிப்புக்கு நோட் 20 அல்லது அதற்கு மேல் வேண்டும். புது ஃபோல்டரில் என்பிஎம் இனிட் கொடுத்து, ஃபாஸ்டிஃபை, ஃபாஸ்டிஃபை-பிளக்இன் இரண்டையும் இன்ஸ்டால் செய்யுங்கள். பேக்கேஜ் கோப்பில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று போட்டுவிடுங்கள்.

கோப்புகளை ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள். ஆப் கோப்பு சர்வரை உருவாக்கிப் பிளக்இன்களை (சர்வரில் சேர்க்கும் தனித்தனி ஃபங்ஷன்களை) ரெஜிஸ்டர் செய்து திருப்பித் தரட்டும். லிசன் மட்டும் வேறு கோப்பில். இப்படி இருந்தால்தான் டெஸ்டில் போர்ட் திறக்காமலே இன்ஜெக்ட் (போலிக் கோரிக்கை அனுப்பும் வசதி) மூலம் ரூட்டுகளை (முகவரியும் அதற்குப் பதில் தரும் ஃபங்ஷனும்) கூப்பிட முடியும். லாகர் இயல்பாக அணைந்திருக்கும், ட்ரூ கொடுங்கள். இல்லாவிட்டால் 500 (சர்வர் பிழை) ஏன் வந்தது என்று தெரியவே தெரியாது.

இனி பலரும் தடுக்கி விழும் இடம். டேட்டாபேஸ் இணைப்பை ஒரு பிளக்இனில் திறந்து, டெக்கரேட் (சர்வரோடு புதிதாக ஒன்றை இணைக்கும் வசதி) மூலம் டிபி என்ற பெயரில் மாட்டுகிறீர்கள். அடுத்த பிளக்இனில் உள்ள ரூட் அதைத் தேடினால் அன்டிஃபைன்ட். காரணம், ஒவ்வொரு ரெஜிஸ்டரும் தனக்கென ஓர் எல்லையை உருவாக்குகிறது. மேலே மாட்டியது கீழே தெரியும். உள்ளே மாட்டியது வெளியேயும் தெரியாது, பக்கத்துப் பிளக்இனுக்கும் தெரியாது. டிபி பிளக்இனின் ஃபங்ஷனை ஃபாஸ்டிஃபை-பிளக்இனால் சுற்றி எக்ஸ்போர்ட் செய்தால் எல்லை நீங்கிவிடும். அதை ரூட்டுகளுக்கு முன்பே ரெஜிஸ்டர் செய்யுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் சுற்றிவிடாதீர்கள். ரூட் பிளக்இனைச் சுற்றினால், ரெஜிஸ்டர் செய்யும்போது கொடுத்த பிரிஃபிக்ஸ் (முகவரியின் முன்னொட்டு) வேலை செய்யாது. பிரிஃபிக்ஸோடு கூப்பிடும் முகவரிகளெல்லாம் 404 (கிடைக்கவில்லை) தரும். அட்மின் ரூட்டுகளுக்கான டோக்கன் சோதனை ஹூக்கும் (ரூட்டுக்கு முன் ஓடும் ஃபங்ஷன்) அப்படித்தான். சுற்றாமல் வைத்தால் அந்தக் குழுவோடு நிற்கும். சுற்றினால் பிறகு வரும் ரூட்டுகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும், சர்வர் இயங்குகிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்கும் 401 (அனுமதி இல்லை) தரும். பலரும் பகிரும் இணைப்பு, கான்ஃபிக் போன்றவற்றைச் சுற்றுங்கள். ரூட்டுகள் எல்லைக்குள்ளேயே இருக்கட்டும்.

பிளக்இனை அசிங்க் ஃபங்ஷனாக எழுதினால் டன் கால்பேக் (வேலை முடிந்ததைச் சொல்லக் கூப்பிடும் ஃபங்ஷன்) வேண்டாம். இரண்டையும் கலந்தால் 5-ஆம் பதிப்பு பிழை காட்டி நின்றுவிடும். அசிங்க் இல்லாமல் எழுதி டன்னைக் கூப்பிட மறந்தால், 10 விநாடி கழித்து டைம்அவுட். டேட்டாபேஸ் பதில் தராமல் தொங்கினாலும் இதே பிழைதான். டைம்அவுட்டைக் கூட்டும் முன் அந்த இணைப்பைப் பாருங்கள்.

ஸ்கீமா (தரவில் எந்தப் புலங்கள், எந்த வகையில் என்ற விவரம்) எழுதுவதில் சோம்பல் வேண்டாம். 5-இல் பழைய சுருக்க வடிவம் செல்லாது, டைப் ஆப்ஜெக்ட், பிராப்பர்ட்டீஸ் என்று முழுமையாக எழுத வேண்டும். ரெஸ்பான்ஸ் ஸ்கீமா பதிலை ஜேஎஸ்ஓஎன் ஆக்கும் வேகத்தைக் கூட்டும். ஆனால் அதில் குறிப்பிடாத புலம் பதிலிலிருந்து சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். ஹேண்ட்லர் விலையை அனுப்புகிறது, கர்ல் (டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) செய்து பார்த்தால் விலையைக் காணோம், லாகிலும் ஒன்றும் இல்லை என்றால் ஸ்கீமாவைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் ஹாஷ் தவறிப்போய் வெளியே வராமல் தடுப்பதும் இதே குணம்தான்.

பாடி (கோரிக்கையோடு வரும் தரவு) வரம்பு இயல்பாக 1 எம்ஐபி (1,048,576 பைட்), மீறினால் 413 பிழை. பெரிய ஜேஎஸ்ஓஎன் வாங்கும் ரூட்டுக்கு மட்டும் பாடிலிமிட்டைக் கூட்டலாம்.

டாக்கரில் போட்டபின் வெளியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லையா? ஹோஸ்ட் குறிப்பிடாவிட்டால் ஃபாஸ்டிஃபை லோக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் காது கொடுக்கும். லிசனில் ஹோஸ்டை 0.0.0.0 என்று கொடுங்கள்.