செக்யூரிட்டி கிளியரன்ஸ் படிவத்தில் வெளிநாட்டு உறவுகளை எழுதுவது எப்படி?

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை சார்ந்த வேலை கிடைத்திருக்கிறது. அப்பா அம்மா இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறார்கள். ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா? கிடைக்க வாய்ப்பு உண்டு. இரட்டைக் குடியுரிமை மட்டுமே தடையாகாது என்று 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த சீட்-4 (SEAD 4) என்ற, கிளியரன்ஸ் முடிவுகளுக்கான அமெரிக்க அரசின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. மறைத்தால்தான் சிக்கல் கூடும்.

முதல் படி: நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், கிரீன் கார்டு போதாது. நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசுத் துறையோ முன்மொழிந்தால்தான் கிளியரன்ஸுக்கான எஸ்.எஃப்.-86 (SF-86) படிவம் உங்களுக்கு வரும்.

இரண்டாம் படி: அந்தப் படிவத்தின் பகுதி 10. இப்போது மட்டுமல்ல, எப்போதாவது வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பெற்றிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதும் ஒப்படைத்துவிட்ட பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் எழுதவேண்டும். எண், வழங்கிய தேதி, இடம் எல்லாம் கேட்பார்கள், பழைய நகலைத் தேடி வையுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இந்தியச் சட்டப்படி குடியுரிமை அல்ல. இருந்தாலும் குறிப்புப் பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படிதான் நம்மவர்களுக்குத் தலைவலி. பகுதி 18-இல் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார் மாமியார் எல்லோரும் வரவேண்டும், காலமானவர்கள் உட்பட. பெரியப்பாவும் சித்தியும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் சித்தியிடம் வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள், அவர் வெளிநாட்டுக் குடிமகள் என்றால் பகுதி 19-இல் எழுதுங்கள். அங்கே கடந்த 7 ஆண்டுகளில் இருந்த நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பைக் கேட்கிறார்கள். குடும்ப குரூப்பில் பொங்கல் வாழ்த்து அனுப்பும் தூரத்து உறவினர்கள் எல்லோரையும் கொட்டவேண்டியதில்லை.

உறவினர் என்ன வேலை பார்க்கிறார் என்பது முக்கியம். அரசு, ராணுவம், உளவுத்துறை என்றால் கேள்விகள் கூடும். அவரை வைத்து உங்களை யாராவது நெருக்க முடியுமா என்பதைத்தான் எடைபோடுகிறார்கள். அது எந்த நாடு என்பதையும் பார்ப்பார்கள்.

அப்புறம் பகுதி 20: வெளிநாட்டில் உள்ள சொத்து, வங்கிக் கணக்கு, 7 ஆண்டுப் பயணங்கள். ஊரில் அண்ணனோடு கூட்டாக இருக்கும் வீட்டுமனையும் இதில் சேரும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் ஒன்றில் கவனமாக இருங்கள்: அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையே காட்டவேண்டும். மற்றதைக் காட்டினால் அதுவே ஒரு குறையாகப் பதிவாகலாம்.

தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மறந்துபோனது பிறகு நினைவுக்கு வந்தால், விசாரணை அதிகாரி கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் எழுதியும் விசாரிப்பவர்களின் சந்தேகம் தீரவில்லை என்றால், கிளியரன்ஸ் தரத் தயங்கும் காரணங்களை எழுத்தில் அனுப்புவார்கள். ஒப்பந்த நிறுவன ஊழியருக்குப் பதிலளிக்கப் பொதுவாக 20 நாள்தான். ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி, நிர்வாக நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்றால் அந்தப் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.