தேரி மணலில் ஓர் இரவு: தண்ணீர்க் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

வைகைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு மணல் என்றாலே அடியில் தண்ணீர் கிடக்கும் என்ற நினைப்பு உண்டு. ஆறு வறண்டு கிடக்கும் கோடையில்கூட ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பிய பழக்கம் மதுரைப் பக்கத்தில் பல வீடுகளில் இருந்தது. அந்த நம்பிக்கையோடே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகளுக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு போவதுதான் முதல் தவறு. ஆற்று மணலின் அடியில் நீரோட்டம் இருக்கிறது. தேரியோ காற்று அள்ளிக் குவித்த மேடு. பெய்கிற மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். மேட்டின்மேல் நின்று எவ்வளவு தோண்டினாலும் வியர்வைதான் மிஞ்சும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை இருக்கிறதே என்று கேட்கலாம். அத்தகைய சுனைகள் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சுரப்பவை. மேலும் அது கோயில் நீர், முகாமுக்கு வந்தவர்கள் பாத்திரம் கழுவும் இடமன்று.

புறப்படும் முன்பே நடக்கிற தவறு ஒன்றும் உண்டு. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே வனத்துறை அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். அனுமதி கிடைக்காவிட்டால் காப்புக்காட்டுக்கு வெளியே, உரிமையாளரின் ஒப்புதல் பெற்ற பட்டா நிலத்தில் தங்குவதே முறை.

இனித் தண்ணீர்க் கணக்கு. குடிப்பதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று பலர் சரியாகவே கணக்கிடுகிறார்கள். வெயில் கடுமையான நாட்களில் அதுவும் போதாது. ஆனால் சமையலுக்கும் கழுவுவதற்கும் ஆகும் நீரை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். குறிப்பாக, காலைக்கடன் முடித்துக் கழுவ ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும் என்பதைப் பயணத் திட்டத்தில் எழுத நமக்குக் கூச்சம். விடிந்ததும் குடிநீர்க் கேனில்தான் கை வைக்கிறோம். நான்கு பேர் ஒரு நாள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். குடிக்க 16, சமைக்க 4, கழுவ 8 என 28 லிட்டர். வண்டி மணலில் புதைந்து மறுநாளும் அங்கேயே கிடக்க நேர்ந்தால் குடிப்பதற்கென்று இன்னொரு 16 லிட்டர். ஆக மொத்தம் 44 லிட்டர், அதாவது 44 கிலோ. இறுகிய தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு தேவைப்படுகிறது. ஆகவே படத்தில் பார்த்த உச்சி மேட்டில்தான் கூடாரம் என்று பிடிவாதம் பிடிக்காமல், வண்டி நிற்கும் இறுகிய தரையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இடம் பார்ப்பது நல்லது.

அந்த நீரைப் பெரிய 20 லிட்டர் கேன்களை நம்பி எடுத்துப் போவதும் தவறு. ஒருமுறை நாங்கள் மதுரையில் ஏற்றிய கேனின் மூடி லேசாகத் திறந்திருந்தது. தூத்துக்குடி தாண்டி டிக்கியைத் திறந்தபோது பாதித் தண்ணீர் பாயில் ஊறிக்கிடந்தது. கடைகள் இருந்த இடமாதலால் பிழைத்தோம். அன்றிலிருந்து 5 லிட்டர் கேன்களாகப் பிரித்து, மறுநாளுக்கான நீரை மட்டும் தனியே கட்டி வண்டியில் வைத்துவிடுகிறோம். தேரியில் உடை மரங்கள் அதிகம். அவற்றின் முள் மெல்லிய தண்ணீர்ப் பையை மட்டுமல்ல, டயரையும் பதம் பார்க்கும். ரேடியேட்டரில் இருக்கிறதே என்று எவரும் எண்ண வேண்டாம். கூலன்ட் கலந்த நீர் நஞ்சு.

குறைவாக எடுத்துப் போனவர்கள் அடுத்துச் செய்வது மிச்சம் பிடிப்பது. தாகத்தை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் குடித்தால் நீர் நெடுநேரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கேனில் நீர் இருக்கையிலேயே உடல் சுருண்டுவிடும். சிக்கனம் காட்ட வேண்டியது வியர்வையில். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிழலில் அசையாமல் இருந்தால், குடிக்கிற நீர் உடலில் தங்கும். கடல் காற்று வீசுவதால் வெயில் தெரியவில்லை என்பதும் ஏமாற்று. ஈரக் காற்றில் வியர்வை உலராமல் வழிந்துபோகிறது. உடல் குளிர்வதில்லை, நீர் மட்டும் குறைகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாக மாறினால், தாகம் இருக்கிறதா என்று பார்க்காமல் குடிக்க வேண்டும்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது இதன் மறுபக்கம். வியர்வையோடு உப்பும் போய்விட்ட பிறகு நீரை மட்டும் நிரப்பினால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர்க்குறைவு என்று எண்ணி இன்னும் குடிக்கக் கொடுப்பார்கள். மருந்துக்கடை ஓஆர்எஸ் தூளை, பொட்டலத்தில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் சரியாக 1 லிட்டரில் கலக்க வேண்டும்; சுவைக்காகப் பாதி நீரில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. தூள் இல்லையென்றால் 1 லிட்டர் நீருக்குத் தேக்கரண்டியால் தலைதட்டிய அளவில் 6 கரண்டிச் சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போதும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். எவராவது உளறத் தொடங்கி, உடல் அனலாய்க் கொதித்தால் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறி, 108க்கு அழைக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. தண்ணீர்க் கேனை நிரப்பாமல் மதுப் புட்டிகளை நிரப்பி வருபவர்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மதுரைக்காரர்கள் சோற்றில் சமரசம் செய்வதில்லை. மணலிலும் மட்டன் பிரியாணி வேண்டும் என்பார்கள். அரிசி களைய, கறி கழுவ, எண்ணெய்ச் சட்டி தேய்க்க என்று போகிற நீரோடு, உப்பும் உறைப்பும் கூட்டுகிற தாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் அது கட்டுப்படியாகாத விருந்து. வீட்டிலேயே சுட்ட சப்பாத்தி, இட்லி, பழம், வெள்ளரிக்காய் ஆகியவை போதும். வாழையிலையில் சாப்பிட்டால் தட்டுக் கழுவும் வேலையும் இல்லை. அடுப்பு மூட்டுவதையே தவிர்க்கலாம். சுற்றிலும் காய்ந்த பனையோலை. அணைக்க நீர் கிடையாது. கங்கின்மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டால் நெருப்பு கண்ணுக்குத்தான் மறையும். அடியில் சூடு தங்கியிருக்க, வெறுங்காலுடன் அதை மிதிப்பவர் கதி என்னவாகும்?

இடத்தேர்வில் இரண்டு பிழைகள் உண்டு. மேட்டு உச்சி காற்றுக்கு இலக்கு. செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில் மணல் சரியும். மணலில் முளை நிற்காது என்பதால், சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைப்பதே பிடிமானம். ஆடி மாதக் காற்றில் இதுவும் தாங்காது. கத்திரி வெயிலில் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தை, மாசி மாதங்களே ஏற்றவை. விரியனும் தேளும் உலவும் நிலமாதலால் இரவில் கைவிளக்கும் செருப்பும் இல்லாமல் வெளியே வரக் கூடாது.

காற்று காலடித் தடங்களை அழித்துவிடுவதால், வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நம்புவதும் ஆபத்தானது. எல்லா மேடும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். வண்டி நின்ற இடத்தைக் கைப்பேசியில் குறித்துவைத்து, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காலை 8 மணிக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். சுமை குறையட்டும் என்று மிச்சத் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் ஏறும்வரை அந்தக் கடைசிக் கேன் வண்டியிலேயே இருக்கட்டும்.